எட்டாம் மாடியில் சிவப்புச் சாயம்: ஈசூனில் ஒரு கடன்முதலைத் தொல்லையின் நிகழ்வு ஆய்வு

இது 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நடந்தது. கடன்முதலை என்பது உரிமமில்லாமல் கடுவட்டிக்குக் கடன் கொடுத்து, மிரட்டி வசூலிப்பவர். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, மாடி எண்ணையும் மாற்றியிருக்கிறேன். நான் வட்டார வசிப்போர் குழுவில் தொண்டூழியன். போலிஸ்காரனோ வழக்கறிஞனோ அல்லன். கூட இருந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவறிய இடங்களை மறைக்கவில்லை. அவற்றில் ஒன்று என்னுடையது.

பின்னணி

எங்கள் புளோக் சோங் பாங் பக்கம் உள்ள பழைய நீளவாட்டக் கட்டடம். மாடிக்கு ஒரு தாழ்வாரம், அதில் வரிசையாக எட்டு வீடுகள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துப் பங்குனி உத்திரம்தான் எங்களுக்கு ஆண்டின் பெரிய நாள்.

எட்டாம் மாடியில் நடு வீட்டில் இருப்பவர் கணவரை இழந்த 62 வயது அம்மா. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூட இருப்பவர்கள் மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகளும், தொடக்கநிலை நான்கில் படிக்கும் பேரனும். கணவர் இறந்தபின் வருமானம் குறைந்ததால் ஓர் அறையை வாடகைக்கு விட்டார். வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம்) முறைப்படி அனுமதி பெற்றுத்தான் விட்டார். வந்தவர் கணவருடைய நண்பரின் மகன், இருபதுகளின் கடைசியில் இருந்த இளைஞர். எட்டு மாதம் இருந்தார். வாடகை பாக்கியில்லை, சத்தமில்லை. 2023 கடைசியில் கிளம்பிப் போனார்.

போனவர் அடையாள அட்டையில் முகவரியை மாற்றவில்லை. வீடு மாறினால் 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவர் செய்யவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அவர் பெயருக்கு வந்த கடிதங்களையெல்லாம் ஒரு நெகிழிப்பையில் போட்டு டிவி மேசைக்குக் கீழே வைத்திருந்தார். "என்னைக்காவது வந்து வாங்கிக்குவான்" என்பது அவர் கணக்கு. அந்தப் பை ஒன்றேகால் ஆண்டு அங்கேயே கிடந்தது.

முதல் அடையாளங்கள்

பிப்ரவரி கடைசியில் கதவிடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. அந்த இளைஞரின் பெயர், ஒரு கைப்பேசி எண், "இன்றே கூப்பிடு" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அக்கா அதையும் அந்தப் பைக்குள் போட்டார்.

ஒரு வாரம் கழித்து மின்தூக்கிக்கு எதிர்ச்சுவரில் கறுப்பு மார்க்கரால் ஓ வெள்ளி பி வெள்ளி (O$P$) என்ற எழுத்துகளும் அவர் வீட்டு எண்ணும். சிங்கப்பூரில் வளர்ந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. கடன் பட்டாய், கட்டு என்பதன் சுருக்கம். கடன்முதலைகள் விட்டுப்போகும் முத்திரை.

விடிகாலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் புறப்பட்டவர் அதைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்த் தின்னரும் பழைய துண்டும் எடுத்துவந்து, ஆறு மணிக்குள் துடைத்து முடித்துவிட்டார். மகள் இரவு வேலை முடிந்து வரும்போது சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு கறைதான் மிச்சம். மகளிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று பிறகு கேட்டேன். "பார்த்தவங்க என்ன தம்பி நினைப்பாங்க? இந்த வீட்டுல யாரோ கடன் வாங்கிட்டாங்கன்னுதானே? அவரு இருந்த வரைக்கும் கடையில கூடக் கடன் வச்சதில்ல" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. மானத்துக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறை. ஆனால் போலிஸுக்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் தடயம் அந்தத் துண்டோடு போயிற்று. வந்தவன் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தான் என்பதும் தெரியாமல் போயிற்று.

சாயம் விழுந்த இரவு

மார்ச் இரண்டாம் வாரம், நோன்பு மாதம். அக்கா வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். பெரியவர் முன்பு கார் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் மனைவி சஹர் உணவு தயாரிக்க எழுந்திருந்தபோது தகரம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுப்பங்கரைக் கடிகாரத்தில் மணி 4.40. ஜன்னலைத் திறந்ததும் தின்னர் நெடி.

எனக்கு ஐந்து மணிக்குப் போன் வந்தது. நான் போனபோது பெரியவர் தாழ்வாரத்தின் இருபுறமும் நாற்காலி போட்டு வழியை மறித்திருந்தார். கதவிலும் கேட்டிலும் சிவப்புச் சாயம். பங்குனி உத்திரத்துக்கு விரதம் தொடங்கி அப்போதுதான் கட்டிய மாவிலைத் தோரணத்தின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே காலணித் தட்டில் பேரனின் வெள்ளைப் பள்ளிக் காலணிகள். ஒன்று முழுக்கச் சிவப்பு, மற்றதில் நாலைந்து துளி. அக்கா வாளியும் துண்டுமாக வாசலில் நின்றார். இந்த முறை அவரைத் துடைக்க விடவில்லை. பெரியவர்தான் தடுத்தார். "ஜாங்கான் (வேண்டாம்), ஆன்ட்டி, போலிஸ் வரட்டும்."

சாயம் அக்கா வீட்டோடு நிற்கவில்லை. வலப்பக்கச் சீனக் குடும்பத்தின் சுவரிலும் செருப்புகளிலும் தெறித்திருந்தது. அவர்களுக்கு அக்காவையும் சரியாகத் தெரியாது, அந்த இளைஞரை அறவே தெரியாது.

என் தவறு இங்கேதான். ஆறு மணிக்கு, எல்லாரும் கவனமாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் கதவைப் படம் எடுத்து புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். படத்தில் வீட்டு எண் தெளிவாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் அது வேறு குழுக்களுக்குப் போய்விட்டது. "ஈசூன்தானே, வேறென்ன எதிர்பார்ப்பது" என்று யாரோ சேர்த்து அனுப்பியிருந்தார். ஈசூனைப் பற்றி இணையத்தில் உலவும் கேலிகள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேலி தன் வீட்டு வாசற்படத்தோடு வரும்போது எப்படி இருக்கும் என்று அன்று அக்காவின் மகள் முகத்தில் பார்த்தேன். பள்ளியில் பேரனிடம் ஒரு பையன் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அவன் அன்று பழைய விளையாட்டுக் காலணி போட்டுப் போனதால் ஆசிரியரும் காரணம் கேட்டிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டியிடம் கற்றுக்கொண்ட பழக்கம்.

படத்தை அழித்தேன். குடும்பத்திடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் பரவியதைத் திரும்ப அள்ள முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

போலிஸ் அதிகாரிகள் இருவர் ஏழு மணிக்குள் வந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது யார் மேல் சந்தேகம் என்று அல்ல, எத்தனை மணிக்கு என்று. அந்தக் கேள்வி ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. 2012 முதல் வீவக புளோக்குகளில் பொருத்தப்பட்ட போலிஸ் கேமராக்கள் பெரும்பாலும் கீழ்த்தள மின்தூக்கி வாசலையும் படிக்கட்டு வாசலையும் பார்த்து நிற்பவை. எட்டாம் மாடித் தாழ்வாரம் அவற்றுக்குத் தெரியாது. நேரம் தெரிந்தால் கீழே யார் ஏறினார், இறங்கினார் என்று பார்க்கலாம். நேரம் தெரியாவிட்டால் ஒரு முழு நாளின் பதிவையும் பார்க்க வேண்டும். பெரியவர் மனைவி சொன்ன 4.40 அந்தக் காலை கிடைத்த மிகப் பெரிய தடயம்.

நெகிழிப்பையைப் பற்றி அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். அதிகாரி பையைத் தரையில் கொட்டிப் பிரித்தார். வங்கிக் கடிதங்கள், தொலைபேசி நிறுவனக் கடிதங்கள், இரண்டு வழக்கறிஞர் கடிதங்கள், அந்தக் கதவிடுக்குத் தாள். யார் பெயரில் கடன், ஏன் இந்த முகவரி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது.

அன்று மாலை மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம். தாளில் இருந்த எண்ணைக் கூப்பிட்டு, அவன் இங்கே இல்லை என்று சொல்லி, வேண்டுமானால் எண்ணூறோ ஆயிரமோ வெள்ளியைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றார் மகள். "எனக்குத் தூங்கணும் அங்கிள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, எனக்குத் தூங்கணும்." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒருமுறை பணம் வந்துவிட்டால் அந்த வீடு பணம் காய்க்கும் மரம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பேசினால்கூட நம் எண் அவர்கள் கைக்குப் போகும். அதிகாரிகளும் பேசாதீர்கள், கட்டாதீர்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கடைசியில் கட்டுவதில்லை என்று முடிவானது. அந்த முடிவின் பாரம் அவர்கள் தலையில்தான் விழுந்தது, என் தலையில் அல்ல. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்தது தீ. வெறும் சாயத்தோடு நிற்காமல் வாசலில் தீ வைத்த கடன்முதலைக் கையாள்கள் இந்த ஊரில் உண்டு. அக்கா வாசலில் அட்டைப்பெட்டிகள், பழைய செய்தித்தாள் கட்டு, மரக் காலணித் தட்டு. பக்கத்து வாசல்களும் அப்படித்தான். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதியை இதற்கு முன் நாங்கள் யாரும் அளந்து பார்த்ததில்லை. அந்த வார இறுதியில் எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து அள்ளிப்போட்டோம். துளசித் தொட்டி மட்டும் இருக்கட்டும் என்று சீனப் பெரியவரே சொன்னார்.

கேமரா வாங்குவது எளிதாக இருந்தது, வைப்பதுதான் கஷ்டம். 2023 மே மாதம் முதல், தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவை வீட்டு வாசலில் பொருத்த அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் வாசலை அது பார்க்கக் கூடாது. சில நாள் கழித்துப் பொருத்தியபோது, முதலில் வைத்த கோணத்தில் சீனக் குடும்பத்தின் வாசல் பாதி தெரிந்தது. ஏற்கெனவே அவர்கள் சுவரில் சாயம், இப்போது அவர்கள் போக்குவரத்தும் படமாகிறது என்றால் கோபம் வராதா? மகள் தன் கைப்பேசியில் படத்தை அவர்களுக்கே காட்டி, அவர்கள் சரி என்று சொல்லும்வரை கோணத்தைத் திருப்பினார். அந்தப் பத்து நிமிடம்தான் அந்த இரண்டு வீடுகளும் முதன்முதலில் உட்கார்ந்து பேசியது.

பூட்டப்பட்ட கேட்

பள்ளி விடுமுறை முடிந்த வாரம். கேமரா பெட்டியிலேயே இருந்தது. மகளின் ஓய்வுநாளில் பொருத்தலாம் என்று விட்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா கோவிலில், மகள் வேலையில், பேரன் வீட்டில் தனியாக. கேட் கம்பிகளில் ஏதோ உரசும் சத்தம் கேட்டு அவன் கதவுத் துளை வழியே பார்த்திருக்கிறான். தொப்பி போட்ட ஒருவன் குனிந்து நின்றான். நிமிர்ந்து போய்விட்டான். பையன் கதவைத் திறந்து பார்த்தால் கேட்டில் சைக்கிள் சங்கிலிப் பூட்டு. உள்ளே இருந்தவனால் வெளியே வர முடியாது.

அவன் பாட்டிக்குப் போன் செய்தான், பாட்டி எனக்கு. நான் துவாஸில் வேலையில் இருந்தேன். பெரியவரைக் கூப்பிட்டேன். போலிஸின் 999ஐ அழைத்துவிட்டு அவர் கேட்டுக்கு வந்தார். புகை வாடை வந்தால் உடனே தீயணைப்புக்கான 995ஐ அழைக்கும்படி மனைவியைத் தயாராக நிற்கவைத்தார்.

போலிஸ் வரும்வரை பூட்டைத் தொடாமல் விடுவதா, இப்போதே வெட்டுவதா? தடயம் என்று பார்த்தால் விட வேண்டும். உள்ளே பத்து வயதுப் பையன் என்று பார்த்தால் வெட்ட வேண்டும். போனில் என்னிடம் கேட்டபோது ஒரு நொடி தயங்கினேன். அவர் தயங்கவில்லை. நான்கு படம் எடுத்தார், கையில் துணி சுற்றிக்கொண்டார், பட்டறைக் காலத்துக் கிரைண்டரால் அறுத்தார். தீப்பொறி பறக்கும் என்று பையனை அடுப்பங்கரைக்குப் போகச் சொல்லியிருந்தார். அவனோ கூடத்து நடுவில் நின்று காதைப் பொத்திக்கொண்டு பார்த்தானாம். பூட்டை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுவைத்தார். நோன்பு வைத்திருந்த மனிதர் வியர்த்து நின்றார். அவர் மனைவி மாலை நோன்பு திறக்கச் செய்துவைத்திருந்த குவே பலகாரத்தில் இரண்டைப் பையன் கையில் கொடுத்தார். அதை அவன் அம்மா வரும்வரை தின்னாமல் வைத்திருந்தான்.

வந்த அதிகாரி பூட்டை வாங்கிக்கொண்டு, வெட்டியது சரிதான் என்றார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவர் தவறு என்று சொல்லியிருந்தாலும் நான் பெரியவர் பக்கம்தான்.

அன்றிரவே கேமராவைப் பொருத்தினோம். ஓய்வுநாள் வரை காத்திருந்ததற்கு எந்தக் காரணமும் போதாது.

தாழ்வாரக் கூட்டம்

மறுநாள் மாலை, நோன்பு திறந்த பிறகு, எட்டு வீட்டிலிருந்தும் ஒருவராவது வெளியே வந்து நின்றார்கள். அழைத்தது நான், பேசியது அக்கா. வெள்ளைத்தாளில் எழுதிவைத்ததைப் படித்தார், மகள் ஆங்கிலத்தில் சொன்னார். கடன் வாங்கியவர் இந்த வீட்டில் இல்லை. யார் என்று போலிஸுக்குத் தெரியும். உங்கள் சுவரும் செருப்பும் கெட்டதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவுதான். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கை நடுங்கியது.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி வீட்டுச் சீன மூதாட்டி, சென்ற ஆண்டு அரசாங்க அதிகாரி என்று சொல்லி வந்த போன் அழைப்பை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்ததைச் சொன்னார். பிள்ளைகளுக்கே தெரியாதாம். ஓர் இளம் தம்பதி, இணையத்தில் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டி ஏமாந்ததைச் சொன்னார்கள். எட்டு வீட்டில் மூன்று வீடு. எல்லாரும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

"இந்த ஊர்ல இப்போ பாதுகாப்பே இல்ல" என்று ஒருவர் சொன்னபோது, நான் போலிஸ் வெளியிட்ட 2024 கணக்கைச் சொன்னேன். திருட்டு, அடிதடி, மானபங்கம் முதலான நேரடிக் குற்றங்கள் தீவு முழுவதற்கும் 19,969. மோசடி வழக்குகள் மட்டும் 51,501, பறிபோன தொகை குறைந்தது 110 கோடி வெள்ளி. எங்கள் தாழ்வாரமும் அந்தக் கணக்கு மாதிரியேதான் இருந்தது. சாயம் விழுந்த வாசலைப் பார்த்து எல்லாரும் பயந்தோம். போனில் வந்த திருடன் இரண்டு வீடுகளில் புகுந்து போயிருந்தான், ஒருவருக்கும் தெரியவில்லை. சந்தேகமான அழைப்பு வந்தால் விசாரிக்க 1799 என்ற எண் இருப்பது அங்கிருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மூதாட்டி மறுநாள் மகனோடு போய்ப் புகார் கொடுத்தார்.

பிடிபட்டது

ஏப்ரல் முதல் வாரம், நள்ளிரவு தாண்டி 2.10. முகக்கவசம், தொப்பி, கையில் மார்க்கர். இந்த முறை வந்தவன் மின்தூக்கியிலிருந்து தாழ்வாரம் வரை நடந்து, கேமராவைப் பார்த்ததும் சுவரில் பாதி எழுதியதோடு திரும்பிவிட்டான். எங்கள் பதிவில் அவன் முகம் தெரியவில்லை. காலணியும் நேரமும்தான் தெரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. கீழே இருந்த போலிஸ் கேமராக்களோடு அந்த நேரத்தைப் பொருத்திப் பார்த்து இரண்டே நாளில் பிடித்தார்கள்.

பத்தொன்பது வயதுப் பையன். அவனும் அதே ஆட்களிடம் கடன்பட்டவன், கட்ட முடியாததால் சாயம் ஊற்றும் வேலைக்கு வந்தவன் என்று மகளுக்குத் தெரியவந்தது. கடன்வழங்குநர் சட்டத்தின்கீழ் இப்படித் தொல்லை தரும் குற்றத்துக்கு முதல்முறையே 5 ஆண்டு வரை சிறை, 5,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், 3 முதல் 6 பிரம்படி. என் மகனுக்கும் அதே வயது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது பெரிய குற்றம், பத்து வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிய கூட்டத்தில் ஒருவன். ஆனாலும் அவனை அனுப்பியவர்கள் ஏதோ ஒரு கைப்பேசி எண்ணுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறார்கள் என்பது மனதை அறுத்தது.

அறை வாடகைக்கு இருந்த இளைஞரைப் போலிஸ் அதற்கு முன்பே கண்டுபிடித்து விசாரித்திருந்தது. பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தன் மாமாவோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த கடன் விளம்பரத்தை நம்பி, அடையாள அட்டையின் படத்தை அனுப்பி 800 வெள்ளி கேட்டிருக்கிறார். 'பதிவுக் கட்டணம்' போகக் கைக்கு வந்தது அறுநூற்றுச் சொச்சம். மூன்று வாரத்தில் கணக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. உரிமம் பெற்ற கடன்வழங்குநர் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது, கைப்பேசித் தகவல் அனுப்பி விளம்பரம் செய்யவும் முடியாது. அதாவது, வாட்ஸ்அப்பில் கடன் தருகிறேன் என்று ஒருவர் வந்தாலே அவர் சட்டத்துக்கு வெளியே இருப்பவர். இது அவருக்கும் தெரியாது, அந்த அறையில் இருந்த எங்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

அவர் அழுதார். அக்கா அழவில்லை. "முதல்ல அட்ரஸை மாத்து. இங்கேயே, என் கண்ணு முன்னாடி" என்றார். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக விண்ணப்பிக்கக் கால் மணி நேரம் ஆனது. புது முகவரிக்கு ரகசிய எண் தபாலில் வரும், அதைப் பதிந்தால்தான் மாற்றம் முடியும் என்றார் அந்த இளைஞர். "வந்ததும் எனக்குப் போன் பண்ணு" என்றார் அக்கா. ஐந்தாம் நாள் போன் வந்தது.

நகர மன்றம் சுவருக்குப் புது வண்ணம் அடித்துக் கொடுத்தது. கதவும் கேட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. அதைப் பெரியவரும் நானும் சேர்ந்து அடித்தோம். பங்குனி உத்திரத்தன்று அக்கா பால்குடம் எடுத்தார். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

மீண்டும் நேர்ந்தால் எதை மாற்றுவோம்

எழுத்தை முதன்முதலில் பார்த்த அந்த விடிகாலையில் துடைக்க மாட்டோம். படம் எடுத்து, நேரம் குறித்து, போலிஸிடம் சொல்லிவிட்டுத்தான் துண்டை எடுப்போம். சாயம் விழுவதற்கு முன் இருந்த அந்த நாள்கள் எங்கள் கையில் இருந்திருக்கும்.

படத்தைக் குழுவில் போடுவதில்லை என்று எங்கள் வசிப்போர் குழுவில் எழுத்தில் வைத்துக்கொண்டோம். எச்சரிக்க வேண்டுமானால் கதவைத் தட்டி நேரில் சொல்கிறோம். எட்டு வீட்டுக்கு இருபது நிமிடம் போதும். எண் தெரியும் படம் ஒன்று வந்தால் யார் போட்டிருந்தாலும் அழைத்து நீக்கச் சொல்வது என் வேலை. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தீயைப் பற்றி முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் தாழ்வாரத்தைச் சுத்தம் செய்தது சாயம் விழுந்து ஐந்தாம் நாள். தீயணைப்பான் வாங்கியது அதற்கும் பிறகு. வரிசை தலைகீழ். கேட்டுச் சாவி ஒன்று இப்போது பெரியவர் வீட்டில் இருக்கிறது. அவர் வீட்டுச் சாவி அக்காவிடம்.

கட்டாமல் இருந்ததை மாற்ற மாட்டோம். பூட்டை வெட்டியதையும் மாற்ற மாட்டோம். ஆனால் கடன் கட்டாதே என்று மகளிடம் சொன்ன நாங்கள், இரவில் யாராவது அவர்கள் வாசலில் இருப்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. முதல் வாரம் முழுக்க அவர்கள் கதவுக்குப் பின்னால் விழித்துக் கிடந்தார்கள். அடுத்த முறை அந்த மாடியில் முறை வைத்துச் சுற்றி வருவோம்.

அறை வாடகைக்கு விடும் எங்கள் புளோக்குக்காரர்களிடம் இப்போது ஒன்று கேட்கிறோம்: போனவர் முகவரியை மாற்றிவிட்டாரா? மாற்றவில்லை என்றால், அவர் இங்கு இல்லை என்று குடிநுழைவு ஆணையத்தில் சொல்லுங்கள். இதுவரை நான்கு வீட்டில் பழைய வாடகைக்காரர் பெயர் அப்படியே இருந்தது தெரிந்தது.

டிவி மேசைக்குக் கீழே இருந்த நெகிழிப்பை போலிஸிடம் போனதோடு சரி, வேறு பை வரவில்லை. ஜூன் மாதத்தில் அந்த இளைஞர் பெயருக்கு மறுபடியும் ஒரு வங்கிக் கடிதம் வந்தது. பேரன் அதன்மேல் "இவர் இங்கு இல்லை" என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அன்றைக்கே கீழ்த்தளத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து, பாட்டியிடம் சொன்னான்.